மலையில ராக் பேண்ட் நடத்துறது பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

நாங்க நீலகிரில குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்குற நாலு பேர் சேர்ந்த பேண்ட். சொந்தப் பாட்டு, தமிழ்லயும், இந்த மலையில படுகர்கள் பேசுற படுகாவுலயும். லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது. ஷோ முடிஞ்சு கேபிள் சுத்திட்டு இருக்கும்போது காலேஜ் பசங்க வந்து கேக்குறது, ராத்திரி போன் போட்டு கேக்குறது, கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க கேக்குறது எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்துல எழுதிட்டேன். சென்னை, கோவை பேண்டுங்களுக்கு இதுல பாதி பொருந்தாது, மலைல இருந்துக்கிட்டு வாசிக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது.

அக்கா, பேண்ட் வெச்சு பொழைக்க முடியுமா?

இப்போதைக்கு முடியாது, அதனால வேலைய விட்டுடாதீங்க. எங்க டிரம்மர் டாக்ஸி ஓட்டுறான், பேஸ் வாசிக்கிறவர் எலக்ட்ரீஷியன், லீட் கிட்டார் தம்பிக்கு கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கு, நான் ஒரு ஃபேக்டரில கணக்கு பாக்குறேன். இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், ஏப்ரல் மே சீசன்ல தான் மலை முழுக்க கூட்டம், ஷோவுக்கு கூப்புடுறதும் அப்பதான், ஆனா டிரம்மரும் ஒரு வருஷத்துக்கான சம்பாத்தியத்த அந்த ரெண்டு மாசத்துலதான் பாக்கணும். செப்டம்பர் அக்டோபர்ல ரெண்டாவது சீசன் வேற. அதனால வருஷ ஆரம்பத்துலயே உக்காந்து யாரு எந்த மாசம் ஃப்ரீன்னு பேசி வெச்சுக்குவோம், அந்த பேச்சு இல்லாத பேண்டு எல்லாம் முதல் மே மாசத்துலயே உடைஞ்சு போறத பாத்திருக்கேன்.

கீழ போனாத்தானே வளர முடியும்? மேல இருந்து என்ன சாதிக்கப் போறீங்க?

இந்தக் கேள்விய அதிகமா கேக்குறவங்க நம்ம ஊர்க்காரங்கதான். கீழ போய் வாசிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல, நாங்களும் கோவைக்கு போறோம், நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க போய் இருபது பேண்டோட ஒண்ணா நின்னு இருபது நிமிஷம் வாசிச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா பர்லியார் மலைப்பாதை ஏறி வர்றதுல, பாட்டு கேட்டவங்க யாரும் நம்மள மறுபடி பாக்கப் போறதில்ல. இங்க வாசிச்சா அடுத்த நாள் காலைல மார்க்கெட்ல காய் வாங்கும்போது ஒரு அம்மா நிறுத்தி, அந்த ரெண்டாவது பாட்டுல சத்தம் ஜாஸ்தி, நீ பாடுன வார்த்தை ஒண்ணும் கேக்கல கண்ணுன்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி நேரா சொல்ற ஆளுங்க முன்னாடி வாசிச்சுத்தான் ஒரு பேண்ட் தேறும். பெங்களூர்ல தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்னு ஒரு பேண்ட் 1996-ல இருந்து இருக்கு, இத்தன வருஷமா நிக்குதுன்னா சொந்த ஊர் ஆளுங்க அவங்கள விடாம கேட்டதும் ஒரு காரணம்னு நான் நம்புறேன். முதல்ல உங்க ஊர்ல ஒரு அம்பது பேரு உங்க பாட்டுக்குன்னே வரணும். அது வந்த பிறகு கீழ போங்க.

ஊட்டில ராக் மியூசிக் கேக்க ஆளு இருக்கா?

இருக்காங்க, நெறையவே. மேல்நாட்டு இசை இந்த மலைக்கு ஒண்ணும் புதுசு இல்ல. லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூல் 1858-ல ஆரம்பிச்சது, கொடைக்கானல்ல இருக்குற இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901-ல. அந்தப் பக்கம் பியானோ, இந்தப் பக்கம் சர்ச் கொயர், குன்னூர் பக்கத்து வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், எஸ்டேட் கிளப்புன்னு கிட்டார் சத்தம் இல்லாத தலைமுறையே இங்க இல்ல. இதெல்லாம் படிச்சவங்க, பெரிய இடத்துக்காரங்க மட்டும்னு நினைக்காதீங்க. 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத்துல இருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காக 1968-ல அரசு தேயிலைத் தோட்டம் போட்டாங்க, இன்னைக்கு நம்ம டேன்டீன்னு சொல்றோமே அதுதான். எங்க பேஸ் பிளேயரோட தாத்தா அப்படி வந்தவர், கூடவே பைலாங்குற இலங்கை ஆட்டப் பாட்டையும் கொண்டு வந்துட்டார். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசல்ல தகர டப்பாவ தட்டிக்கிட்டு அவர் பாடுறத கேட்டு வளந்த பையன் பேஸ் வாசிச்சா அந்த நடை விரல்ல தானா வந்துருது, நாங்க சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கல.

எங்கெங்க வாசிப்பீங்க?

ரெகுலரா ராக் போடுற கிளப்பு நம்ம மலைல கிடையாது, அதனால இடத்த நாமதான் உண்டாக்கணும். சர்ச் ஹால் (டிசம்பர் மாசம் முழுக்க கேப்பாங்க, ஆனா அவங்க கமிட்டி கிட்ட பாட்டு வரிய முன்னாடியே காட்டிடுங்க), ஹோம்ஸ்டே முற்றம், ஸ்கூல் பழைய மாணவர் சந்திப்பு, காலேஜ் கல்ச்சுரல்ஸ், கோடை விழா மேடை. கோடை விழாவுல வாய்ப்பு வேணும்னா ஏப்ரல்ல போய் நின்னா லேட்டு, ஜனவரிலயே விசாரிக்கணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஹட்டில, அதாவது படுகர் ஊருல, வாசிக்கிறதுதான். பண்டிகை, கல்யாணம்னு கூப்பிடுவாங்க, பெரியவங்க வெள்ளைத் துணி போத்திக்கிட்டு முன்னாடி உக்காந்திருப்பாங்க, முதல் பாட்டு முடியிற வரைக்கும் ஒரு முகத்துலயும் அசைவு இருக்காது, நம்ம லீட் கிட்டார் தம்பி படுகா பாட்டு ஒண்ண நிதானமான ஆட்ட நடைல எடுத்தான்னா ஒருத்தர் எழுந்திருப்பார், அவர் பின்னாடி நாலு பேரு, கொஞ்ச நேரத்துல மைதானம் முழுக்க வட்டமா ஆடிட்டு இருக்கும். அந்த வட்டம் கலையாம இருக்கணும்னா டிரம்மர் வேகத்த ஏத்தக் கூடாது. தாளம் தட்டிக் காட்டுற மெட்ரோனோம் கத்துக் குடுக்காத டைமிங்க அந்த வட்டம் கத்துக் குடுத்துச்சு.

ரிசார்ட்டுன்னா அட்வான்ஸ் வாங்காம ஏறாதீங்க. ஒரு ரிசார்ட் எங்களுக்கு தர வேண்டிய பணத்த அடுத்த சீசன் வரைக்கும் இழுத்து பாதிதான் குடுத்தாங்க. பாதி முன்பணம், மீதி சவுண்ட் செக் முடிஞ்ச உடனே, இது வாட்ஸ்அப்புலயாவது எழுத்துல இருக்கட்டும். ஊர் ஆளுங்களுக்கு டிக்கெட் போடும்போது பச்சைத் தேயிலை விலையப் பாத்து போடுங்க, இலைக்கு விலை இல்லாத மாசத்துல இருநூறு ரூபா டிக்கெட் வெச்சா ஹால் காலியா இருக்கும், அது உங்க பாட்டோட குத்தம் இல்ல.

வீட்டுலயே ரெக்கார்ட் பண்ண முடியுமா, இல்ல கோவை ஸ்டூடியோதானா?

தாராளமா முடியும், முக்கியமா முடியணும்னு நினைக்கிறேன். ஸ்டூடியோல மணிக்கணக்குல காசு, மலைல இருந்து இறங்கி ஏறுற வண்டி செலவு, தங்குற செலவு, இதெல்லாம் தலைக்குள்ள ஓடிட்டே இருந்தா பாட்டு எங்க வரும். அந்தக் காசுக்கு மைக்க லேப்டாப்போட இணைக்குற, நாலு இன்புட் இருக்குற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஷூர் எஸ்.எம்.57 மாதிரி ரெண்டு டைனமிக் மைக், ரெண்டு கண்டென்சர் மைக் செகண்ட் ஹேண்ட்ல தேத்தலாம். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் போடணும், டைனமிக்குக்கு வேண்டாம். சாஃப்ட்வேர் நாங்க ரீப்பர், அறுபது நாள் சும்மா ஓட்டிப் பாக்கலாம், அப்புறம் சின்ன லைசென்ஸ் அறுபது டாலர், திருட்டு சாஃப்ட்வேர் போட்டு நடு ரெக்கார்டிங்ல லேப்டாப் தொங்குறதுக்கு அது எவ்வளவோ மேல்.

டிரம்ஸ்தான் கஷ்டம், அத பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன். கால்ல அடிக்கிற பெரிய டிரம் கிக்குக்கு ஒண்ணு, குச்சில அடிக்கிற சின்ன டிரம் ஸ்னேருக்கு ஒண்ணு, மேல ரெண்டு, நாலு மைக் போதும். மேல இருக்குற ரெண்டும் ஸ்னேருக்கு நடுவுல இருந்து சரிசமமான தூரத்துல இருக்கணும். அதுக்கு டேப் எல்லாம் தேட வேண்டாம், ஒரு கிட்டார் கேபிள எடுத்து ஒரு நுனிய ஸ்னேர் நடுவுல டிரம்மர் அழுத்திப் பிடிக்கட்டும், நீங்க இழுத்து முதல் மைக் வரைக்கும் கொண்டு போய் அந்த இடத்துல விரலால பிடிச்சுக்கிட்டு, அதே நீளத்த ரெண்டாவது மைக்குக்கு திருப்பிப் பாருங்க. தூரம் மாறுனா ஸ்னேர் சத்தம் ரெண்டு மைக்குக்கும் வேற வேற நேரத்துல போய் சேரும், ரெண்டையும் சேர்த்துக் கேட்டா அடி வயிறே இல்லாத மாதிரி தட்டையா இருக்கும், அப்புறம் எந்த பிளகின் போட்டாலும் முழுசா வராது. கிக்குக்குள்ள ஒரு பழைய கம்பளி. 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ், மீட்டர் மைனஸ் பத்துக்கு மேல போகாம லெவல் வெச்சுக்கங்க. அன்னன்னைக்கு எடுத்தத அன்னன்னைக்கே ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி.

ரூம்ல மெத்தை, கம்பளி, துணி அடுக்குன பீரோ கதவ திறந்து வெக்கிறது, இதெல்லாம் எதிரொலிய குறைக்கும். முட்டை அட்டை ஒட்டாதீங்க, அதுல ஒண்ணும் நடக்காது, ஈரத்துல பூஞ்சைதான் பிடிக்கும்.

மழைக்காலத்துல எப்படி? எங்க வீடு தகர ஷீட்.

எங்களதும் ஷீட்தான். கூரைல மழை விழுந்தா மைக் போட்டு ஒண்ணும் எடுக்க முடியாது, அத ஏத்துக்கிட்டு வேலைய பிரிச்சுக்கங்க. கூடலூர், ஊட்டி மேற்குப் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஊத்தும், குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் நவம்பர்தான் பெரிய மழை. அந்த மாசத்துல பேஸ், கிட்டார் எல்லாம் நேரா இன்டர்ஃபேஸ்ல குத்தி எடுங்க, பாட்டு எழுதுங்க, எடிட்டிங் பண்ணுங்க. குரலும் டிரம்ஸும் ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள, அதுவும் ராத்திரில, ரோட்டுல வண்டி அடங்குன பிறகு. பக்கத்து வீட்டுல பரீட்சைக்கு படிக்கிற பிள்ளை இருந்தா மார்ச்ல டிரம்ஸ தொடாதீங்க.

ஒண்ணு மட்டும், எங்க பாட்டு ஒண்ணுல கடைசில அந்த ஷீட் மழைய தனியா எடுத்து சேர்த்திருக்கோம், கேக்குற மலைக்காரங்க எல்லாருக்கும் அது எந்த மாசத்து மழைன்னு தெரியுது.

குளிர்ல கிட்டார் சுருதி நிக்கவே மாட்டேங்குது, ஏன்?

குளிர்ல கம்பி சுருங்கி சுருதி ஏறும், மேடைல லைட் சூடு பட்டதும் தளர்ந்து இறங்கும். கழுத்து மரம் ஈரத்த குடிச்சு வளையிறது தனிக் கதை. டிசம்பர்ல உறைபனி விழுற ராத்திரில வெளிய இருந்து வந்த உடனே கிட்டார் கேஸ திறந்து வாசிக்காதீங்க, மூடுன கேஸோடயே ரூம்ல அரை மணி நேரம் இருக்கட்டும், இல்லன்னா குளிர்ந்த மரத்து மேலயும் ஆம்ப் உள்ளயும் தண்ணி முத்து முத்தா கோத்துக்கும். மழைக்காலத்துல கேஸுக்குள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 45-ல இருந்து 55 சதவீதம் இருந்தா மரத்துக்கு நல்லது. வாசிச்சு முடிச்சு கம்பிய துணியால துடைக்காம வெச்சா இங்க சீக்கிரமே துரு. பறை வாசிக்கிற நண்பர் எங்க கூட வரும்போது தோல் தளராம இருக்க மேடை ஓரத்துல தீ மூட்டிக் காச்சிக்கிட்டே இருப்பார், மூடுபனில அடுத்த பாட்டுக்குள்ள திரும்ப தளர்ந்துடும், அதனால பாட்டு வரிசைய அவருக்கு ஏத்த மாதிரி போடுவோம்.

மைக்ல வாய் வெச்சா ஷாக் அடிக்குது, இது நார்மலா?

நார்மல் இல்ல, உயிர் போற விஷயம், தயவுசெஞ்சு அசால்ட்டா விடாதீங்க. பழைய கட்டடத்துல எர்த் சரியா இருக்காது, ஆம்ப் ஒரு பாயிண்ட்ல, மிக்சர் வேற பாயிண்ட்ல, நடுவுல ஒரு கை கிட்டார் கம்பில உதடு மைக்ல இருக்குற நீங்க. மேடைல இருக்குற எல்லாத்துக்கும் ஒரே இடத்துல இருந்து ஒரே எர்த்தோட லைன் எடுங்க, கரண்ட் கசிஞ்சா உடனே லைன வெட்டி விடுற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒண்ணு அதுல இருக்கட்டும், பாடுறதுக்கு முன்னாடி மைக் கம்பிவலையில டெஸ்டர் வெச்சுப் பாருங்க. ஹம் சத்தம் போகணும்னு மூணாவது பின்ன உடைக்கவே உடைக்காதீங்க. எலக்ட்ரீஷியன் பேண்ட்ல இருக்குறது எங்களுக்கு வரம். மழைல மரம் விழுந்து கரண்ட் போறது இங்க சாதாரணம், வோல்டேஜும் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் வேணும், ரெக்கார்டிங் அப்போ லேப்டாப்ப பேட்டரில ஓட்டுனா ஹம்மும் குறையும்.

பிராக்டிஸ் சத்தத்துக்கு போலீஸ் வருவாங்களா?

ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல வந்த ஒலி மாசு விதி இருக்கு. குடியிருப்புல பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்ட சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதி. திறந்த வெளில ஷோன்னா ஸ்டேஷன்ல முன்கூட்டியே எழுதிக் குடுத்து பெர்மிஷன் வாங்குங்க. காட்டு ஓரமா வாசிக்கக் கூப்பிட்டா நாங்க போறதில்ல, எவ்வளவு குடுத்தாலும். அங்க நடமாடுற மிருகத்துக்கு பத்து மணி கணக்கு எல்லாம் தெரியாது.

எங்க பிராக்டிஸ் எட்டரைக்கு முடிஞ்சுடும். காரணம் போலீஸ் இல்ல, கரடி. அரவேணு, கட்டபெட்டு பக்கம் தேயிலைக்குள்ள நடந்து வீட்டுக்குப் போறவங்களுக்கு கரடியும் காட்டுமாடும் எதிர்ல நிக்கிறது சாதாரணம், அதனால யாரும் தனியா போகக் கூடாது, டார்ச் இல்லாம போகக் கூடாது, காதுல இயர்போன் கூடவே கூடாது.

பாட்டு எந்த மொழில எழுதணும்?

நீங்க கோவத்துல எந்த மொழில பேசுவீங்களோ அதுல.

கோத்தர் இசைய சேம்பிள் எடுத்து போடலாமா, சூப்பரா இருக்குமே?

சும்மா எடுத்துப் போடாதீங்க. கோத்தர்கள் இந்த மலையோட பழங்குடி, அவங்களுக்கு இங்க ஏழு ஊரு, குழல், கொம்பு, பறைன்னு அவங்க இசை ரொம்ப ஆழமானது, சாமிக்கு வாசிக்கிற மெட்டு வேற, சாவுக்கு வாசிக்கிற மெட்டு வேற. தெரியாத ஒருத்தர் போன்ல புடிச்சத வெட்டி கிட்டாருக்கு நடுவுல ஒட்டுனா சாவு மெட்டுக்கு கல்யாணத்துல ஆடிட்டு இருப்போம். ஊருக்குப் போங்க, பெரியவங்க கிட்ட கேளுங்க, வாசிக்கிறவங்கள மேடைக்கே கூப்பிடுங்க, பேரப் போடுங்க, காசக் குடுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க.

மிக்ஸிங் மாஸ்டரிங் யாருகிட்ட குடுக்குறது?

எல்லா ட்ராக்கையும் அளவா சேர்க்குற மிக்ஸ் நாங்களே, கடைசி மெருகு போடுற மாஸ்டரிங் மட்டும் வெளிய ஒருத்தர். மிக்ஸ டாக்ஸில, போன்ல, டீக்கடை ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்போம், டீ ஆத்துற சத்தத்துக்கு நடுவுல வரி புரிஞ்சா மிக்ஸ் சரி. சத்தத்த ஏத்தி ஏத்தி நசுக்காதீங்க, ஸ்பாட்டிஃபைல எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (கேக்குற சத்தத்தோட அளவு) பக்கமா கொண்டு வந்துடுவாங்க, நீங்க நசுக்குனதுதான் மிச்சமாகும்.

காப்பிரைட், ராயல்டி எல்லாம் எப்படி?

பாட்டு எழுதி ரெக்கார்ட் பண்ண அந்த நிமிஷமே காப்பிரைட் உங்களோடது, பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல, ஆனா தகராறு வந்தா பதிவு உதவும். வரிக்கும் மெட்டுக்கும் எழுதுனவர் ஆயுசு முழுக்க, அப்புறம் 60 வருஷம். வரி, மெட்டு எழுதுறவங்க ஐ.பி.ஆர்.எஸ்ல மெம்பர் ஆகுங்க, எழுதுறவங்களுக்கு ராயல்டி வசூல் பண்ணித் தர்ற, 1969-ல இருந்து இருக்குற சங்கம் அது. ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஐ.எஸ்.ஆர்.சின்னு பன்னெண்டு எழுத்து கோடு வரும், பாட்ட ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ல ஏத்துற டிஸ்ட்ரிபியூட்டரே போட்டுத் தருவாங்க, அத ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மாத்தும்போது அதே கோடு குடுக்கலன்னா பழைய ப்ளே கணக்கு போயிடும்.

முக்கியமானது, பாட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி யாருக்கு எத்தன பங்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி நாலு பேரும் கையெழுத்து போடுங்க. எங்களது எல்லாப் பாட்டும் நாலு பங்கு சமம், வரி நான் எழுதுனாலும் சரி. ஃப்ரெண்ட்ஸ்குள்ள எதுக்கு பேப்பர்னு கேப்பாங்க, ஃப்ரெண்டாவே இருக்கணும்னுதான் பேப்பர்.

கவர் சாங் வாசிக்கலாமா?

ஷோல வாசிக்கலாம், அதுக்கான லைசென்ஸ் நிகழ்ச்சி நடத்துறவங்க எடுக்கணும். ரெக்கார்ட் பண்ணி வெளியிடுறதுன்னா முன்கூட்டியே நோட்டீஸ், ராயல்டி, பாட்டு வந்து அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும்னு சட்டத்துல நெறைய இருக்கு. அந்த உழைப்புக்கு சொந்தப் பாட்டு எழுதிடலாம்.

கோவைல இருந்து பேண்ட் கூப்பிட்டா இ-பாஸ் வேணுமா?

வேணும். ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிக்கு இ-பாஸ், நம்ம நீலகிரி டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்ல. சவுண்ட் செட் வண்டிக்கும் சேர்த்து முன்னாடியே போட்டு வைக்கச் சொல்லுங்க. தண்ணிக்கு பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வர வேண்டாம்னும் சொல்லிடுங்க, செக்போஸ்ட்ல பிடுங்கிடுவாங்க.

பொண்ணா இருந்துட்டு ராத்திரி ஷோவுக்கு எப்படி வீட்ல விடுறாங்க?

முதல்ல விடல. அம்மாவ ஒரு பிராக்டிஸுக்கு கூட்டிட்டு வந்து உக்கார வெச்சேன், பேஸ் அண்ணன் டீ போட்டுக் குடுத்தார், டிரம்மர் காலணிய வெளிய கழட்டிட்டு வந்தான், அம்மாவுக்கு அதுவே போதுமா இருந்துச்சு. யாரு கூட எந்த வண்டில எத்தன மணிக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போறேன், அதுல மாறுனா போன். பொண்ணுங்க வாசிக்கணும்னா அவங்கள வீடு வரைக்கும் கொண்டு விடுற பொறுப்பு மொத்த பேண்டுக்கும் இருக்கு, அது அவங்களுக்கு பண்ற உதவி கிடையாது, சவுண்ட் செக் மாதிரி வேலைல ஒரு பகுதி. நல்லா வாசிக்கிற எத்தனையோ பொண்ணுங்க கடைசி பஸ்ஸுக்கு பயந்தே நின்னுட்டாங்க, அது எனக்கு இன்னைக்கும் தாங்கல.

எங்க கிட்ட ஒரு கிட்டார் மட்டும்தான் இருக்கு, டிரம்ஸ் வாங்க காசில்ல. எப்படி ஆரம்பிக்கிறது?

மேல உக்காந்து கையால தட்டுற ஒரு கஹோன் பெட்டி போதும், கிடைக்கலன்னா ஆசாரிகிட்ட பிளைவுட்ல சொல்லி செய்யலாம், பின்னாடி ஓட்டை, உள்ள பழைய ஸ்னேர் கம்பி. ரெண்டு சொந்தப் பாட்டு எழுதி முடிங்க, பாதி பாட்டு பத்து இருக்குறத விட முழுப் பாட்டு ரெண்டு இருந்தா யாரா இருந்தாலும் மேடைல ஏத்துவாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணி அடுத்த நாள் கேளுங்க. எங்க பிராக்டிஸ் ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆரம்பிக்கும், குன்னூர் சைடு யாரா இருந்தாலும் வரலாம், டிரம்ஸ் அங்கயே இருக்கு, ஸ்டிக் மட்டும் சொந்தமா கொண்டு வாங்க.